பேனருக்குப் பின்னால் சிங்கம்

என் மனைவி ஆப்பிரிக்காவுக்குப் போகப்போவதாகச் சொன்னபோது நான் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். பினாங்கின் ஈரக்காற்றில் லென்ஸைக் கவனிக்காமல் விட்டால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். அதற்காகவே மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள், வாரம் தவறாமல் துடைப்பு. "கொழந்தையக் குளிப்பாட்டுறாரு" என்று இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

"ஏங்க, டார்கெட் அடிச்சிட்டேன். இந்த வருசம் ட்ரிப் கென்யாவாம்," என்றாள். காய்கறிப் பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

அவள் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். நன்றாக விற்றவர்களை அவர்கள் கம்பெனி வருடா வருடம் எங்காவது அழைத்துப் போகும். பேங்காக் போனாள், பாலி போனாள், ஒரு முறை கொரியாகூடப் போனாள். அப்போதெல்லாம் "போய்ட்டு வா, எனக்கென்ன" என்று பெரிய மனதோடு வழியனுப்பி, அவள் வைத்துவிட்டுப் போன மீன் குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுக்கொண்டு கிடந்திருக்கிறேன். கடைத்தெருவும் கடற்கரையும் பார்க்க எனக்கு ஆசை இருந்ததில்லை. ஆகவே பெரிய மனது சுலபமாக வந்தது.

"கென்யாவுல எங்க?"

"காட்டுக்குத்தான். சிங்கம் புலியெல்லாம் காட்டுவாங்களாம்."

"ஆப்பிரிக்காவுல புலி கெடையாது."

"சரி, சிங்கம்," என்று சொல்லிவிட்டுக் காய்கறியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அங்கே புலி இல்லை என்றுகூடத் தெரியாதவள் போகிறாள். எது எங்கே இருக்கும், எந்த நேரத்தில் தண்ணீருக்கு வரும் என்று கரைத்துக் குடித்தவன் கையில் துடைக்கும் துணியோடு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வயிறு எரிந்தது. இதற்கு இன்னும் நாகரிகமான ஒரு வார்த்தையைத் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. கூட வரலாமா என்று கேட்க வாய் வரவில்லை. அவளே அடுப்படியிலிருந்து சொன்னாள், ஏஜெண்டுகளுக்கு மட்டும்தானாம், சொந்தச் செலவில்கூடப் புருஷனைச் சேர்க்க மாட்டார்களாம்.

எனக்குப் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. வாரம் முழுவதும் ஜன்னலே இல்லாத அறையில், முகமூடியும் வெள்ளை அங்கியும் போட்டுக்கொண்டு இயந்திரங்களோடு மாரடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவேன். தண்ணீர்மலைப் பக்கம் போனால் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்குகள் இருக்கும். எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், சுங்கை பினாங் ஆற்றங்கரையில், உடும்புகள் வெயில் காயும். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம் ஒன்று பாலத்தடியில் மீன் தின்னும். இவற்றை எத்தனை வருடம் எடுத்திருப்பேன். எல்லாம் எனக்கு ஒத்திகைதான். ஒரு நாள் ஆப்பிரிக்கா போவேன், ஒரு சிங்கம் நிமிர்ந்து என்னைப் பார்க்கும், அன்றைக்குக் கை நடுங்கிவிடக் கூடாது என்றுதான் இத்தனை உடும்பும். அந்த நீள லென்ஸை வாங்கியதும் அதற்காகத்தான். முதலில் மகளின் படிப்பு வந்தது, பிறகு அவள் கல்யாணம், பிறகு என் முதுகுவலி. ஆப்பிரிக்கா எங்கேயும் ஓடிப்போய்விடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஓடவில்லைதான். என் வீட்டிலிருந்தே வேறோர் ஆள் எனக்கு முன்னால் அங்கே போய் இறங்குவார் என்று மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை.

அதிலும் என் மனைவிக்கு மிருகப் படங்களே பிடிக்காது. "ஆளில்லாத படம் என்னாத்துக்கு?" என்பாள். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருடைய கொள்கையும் அதுதான். பத்துமலையானாலும் பாரிஸானாலும் முன்னால் நம் ஆள் நிற்க வேண்டும், பின்னால் இருப்பதெல்லாம் சாட்சி. ஹாலில், வாசலுக்கு எதிர்ச் சுவரில், நான் எடுத்த மீன்கொத்தியை மாட்டி வைத்திருந்தேன். மீனை வாயில் வைத்துக்கொண்டு தண்ணீரிலிருந்து எழும்பும் படம், அதற்காக எத்தனையோ காலைகள் பசியாறாமல் நின்றிருக்கிறேன். அதைப் பார்க்க வந்த என் மச்சினன் இதை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டான்.

அவள் என்னிடம் கேமரா கேட்பாள் என்று காத்திருந்தேன். கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுக் கொடுப்பதாகத் திட்டம். அவள் கேட்கவே இல்லை. பெட்டி கட்டும் நாளும் நெருங்கியது. கடைசியில் நானேதான் கேட்டேன்.

"போட்டோவுக்கு என்னா பண்ணப் போறே?"

"போன் இருக்குல்ல. அது போதும்லா."

போனில் சிங்கம் எடுத்தால் சிங்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். புல்லுக்கு நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி இருக்கும், அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். நான்தான் போக முடியவில்லை, என் லென்ஸாவது போகட்டும், சிங்கம் என் கண்ணாடி வழியாகவாவது உள்ளே வரட்டும் என்று அவள் தலையில் கட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்மலைக்கு அழைத்துப் போய்ப் பழக்கினேன். இரண்டு விஷயம் மட்டும் மனதில் வைத்துக்கொள் என்றேன். ஒன்று, கண்ணில் ஃபோகஸ். இரண்டு, மிருகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் படத்தில் இடம் விட வேண்டும், பார்வை போய் இறங்க இடம் வேண்டுமல்லவா. அவள் தலையை ஆட்டிவிட்டு, லோத்தோங்குக்குக் கீழே நின்றிருந்த முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தைச் சிரிக்கச் சொல்லி எடுத்தாள். குரங்கின் வால் மட்டும் மேலே தொங்கியது. வீட்டுக்கு வந்ததும், அவள் கை பட்டு எதுவும் திரும்பிவிடக் கூடாது என்று எல்லாத் திருகுகளையும் சரியாக வைத்துக் கறுப்பு டேப் ஒட்டினேன். தூரத்தைக் கிட்டத்தில் கொண்டுவரும் ஜூம் வளையத்தை மட்டும் ஒட்டாமல் விட்டேன்.

அவள் போனாள். நான் வேலைக்குப் போனேன். முகமூடியைக் கழற்றும் ஒவ்வோர் இடைவேளையிலும் போனில் அவள் சந்தோஷம் வந்து குவிந்து கிடந்தது. காலைச் சாப்பாட்டு மேசை, கூடார விடுதியின் கட்டில், திறந்த கூரை வண்டிக்குள் கறுப்புக் கண்ணாடி போட்ட ஏஜெண்டுகள், ஒட்டகச்சிவிங்கியின் கால்கள். "யானை பாத்தோம்," என்று ஒரு செய்தி, கூடவே கைகூப்பும் பொம்மை. எத்தனை யானை, குட்டி இருந்ததா, தந்தம் எப்படி, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, ஒரு விவரமும் இல்லை. "சூப்பர்" என்று பதில் போட்டேன். அந்த ஒரு வார்த்தையைத் தட்ட எனக்கு வெகு நேரம் ஆனது.

"அண்ணே, ஒங்க வீட்டுல ஆப்பிரிக்காவுல இருக்காங்களாம்ல? நீங்க போவலியா?" என்று என் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி கேட்டான். அவனும் கேமரா பைத்தியம், ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்து என்னோடு சேர்ந்துகொள்வான். எனக்கு லீவு இல்லை என்று பொய் சொன்னேன். எனக்கு நிறைய லீவு இருந்தது.

அந்த ஞாயிறு சும்மா ஆற்றங்கரைக்குப் போய் நின்றேன். கேமரா இல்லை. என்றைக்கும் இல்லாதபடி உடும்பு ஒன்று கரையேறி, கிட்டே வந்து, நாக்கை நீட்டிக்கொண்டு எனக்கு நன்றாகப் போஸ் கொடுத்தது. என் மனைவியே சொல்லி அனுப்பியதுபோல் இருந்தது.

திரும்பி வந்தாள். முகம் கறுத்திருந்தது, குரல் கொஞ்சம் மாறியிருந்தது, எனக்கு மணிகள் கோத்த ஒரு சாவி வளையமும் சிங்கம் போட்ட ஒரு டீ சட்டையும் வாங்கி வந்திருந்தாள். சட்டையில் இருந்த சிங்கம் என்னை நேராகப் பார்த்தது. கேமராப் பையை மேசைமேல் வைத்து, "பத்தரமாக் கொண்டாந்துட்டேன்," என்றாள். குளிக்கப் போனாள். நான் கார்டை உருவிக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டு உட்கார்ந்தேன்.

முதல் படத்தில் பேனர். அடுத்த படத்திலும் பேனர்.

இந்த மாதிரிப் பயணங்களுக்குப் போகிற எங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் பேனர் இல்லாமல் கை ஓடாது என்பதை நான் மறந்துவிட்டேன். கம்பெனி பெயரும், சாதனையாளர்கள் என்ற வார்த்தையும், தலைவரின் புன்னகையும் அச்சடித்த நீளச் சிவப்புத் துணி. விமான நிலையத்தில் விரிப்பார்கள், ஹோட்டல் படியில் விரிப்பார்கள், இப்போது புல்வெளியில் விரித்திருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு வண்டி. ஒரு வண்டியின் திறந்த கூரையில் எல்லோரும் எழுந்து நின்று பேனரைத் தூக்கிப் பிடிக்க, எதிரே தள்ளி நிற்கும் மற்ற வண்டியிலிருந்து படம் எடுத்திருக்கிறார்கள். கிட்டத்தில் வைத்து எடுக்க என் நீள லென்ஸ் உதவாது, தள்ளி நின்று எடுக்க அதைவிட நல்லது இல்லை. அவர்கள் அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிட்டார்கள். பேனரோடு வரிக்குதிரை, பேனரோடு காண்டாமிருகம், பேனரோடு எருமைக் கூட்டம் என்று போய்க்கொண்டே இருந்தது.

பிறகு அந்தப் படம் வந்தது. வண்டிக்குப் பின்னால் ஒரு பாறை. பாறையின் இடது ஓரத்தில், பேனருக்கு வெளியே, குஞ்சம் வைத்த ஒரு வால். மேல் ஓரத்தில், "சாதனையாளர்கள்" என்ற வார்த்தைக்குச் சற்று மேலே, ஒரு காது.

"இது என்னா?" என்று கத்தினேன்.

தலையில் துண்டோடு வந்து எட்டிப் பார்த்தாள். "அதாங்க சிங்கம். பாறை மேல படுத்திருந்துச்சு. பெரிய ஆம்பளச் சிங்கம். பிடரியெல்லாம் காத்துல பறந்துச்சு. எங்களையே பாத்துச்சு தெரியுமா?"

"எங்க இருக்கு பிடரி?"

"பேனருக்குப் பின்னாலதான்."

"பேனர எறக்கிட்டு ஒரு படம் எடுத்தா என்னா?"

"பேனர எறக்கறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிருச்சுங்க," என்றாள், ஏதோ பஸ் போய்விட்டதைச் சொல்வதுபோல். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா நாங்க நல்லாப் பாத்தோம்," என்று சேர்த்துக்கொண்டாள்.

அவர்கள் பார்த்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் வாழ்நாளெல்லாம் காத்திருந்த சிங்கம், என் லென்ஸுக்கு முன்னால், நான் திருகி வைத்த அளவுகளில், எங்களையே பார்த்தது என்று அவள் சொல்லும்படி பார்த்திருக்கிறது. நடுவில் ஒரு துணி. அன்று அவளோடு நான் பேசவில்லை. அவளுக்கு அது தெரியவும் இல்லை, பயணக் களைப்பில் தூங்கிப்போனாள்.

மறுநாள் பகல் அவள் வாடிக்கையாளரைப் பார்க்க செபராங் ஜெயாவுக்குப் போயிருந்தபோது மிச்சப் படங்களைத் தள்ளினேன். எதையும் எதிர்பார்க்கவில்லை. புண்ணைச் சொறிகிற சுகத்துக்காகத்தான் பார்த்தேன்.

ஒரு பேனர் படத்தில் வலது கோடி தொங்கிப்போயிருந்தது. அந்தக் கோடியைப் பிடித்திருந்தது என் மனைவி. மற்றவர்கள் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க, இவள் மட்டும் முகத்தைத் திருப்பி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். கை தளர்ந்து துணி சரிந்ததுகூடத் தெரியாமல் நின்றிருந்தாள். அடுத்த படத்தில் ஜூம் திரும்பியிருந்தது, பாதி பேனர், பாதி அவள். அதற்கடுத்ததில் அவள் மட்டும்.

அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. முடி கலைந்து நெற்றியில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பாலிசி விற்கும்போது வரும் சிரிப்பு இல்லை, கல்யாண வீடுகளில் படத்துக்கு நிற்கும்போது தாலிக்கொடியைச் சரிசெய்துகொண்டு வைக்கும் முகமும் இல்லை, என்னைப் பார்க்கும் முகமும் இல்லை. எதையும் யாருக்கும் காட்ட நினைக்காத முகம். கண்ணில் ஊசி முனை மாதிரி ஃபோகஸ். அவள் பார்க்கும் வலது பக்கத்தில் தாராளமாக இடம் விட்டிருந்தது.

ஜூம் கைதவறித் திரும்பியிருக்கும் என்றுதான் முதலில் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்த இடம் தவறுதலாக வராது. எடுத்தவர் அவளைப் பார்த்திருக்கிறார், பார்த்து நின்றிருக்கிறார், கேமராவை மெல்ல நகர்த்தி அவள் பார்வைக்கு இடம் விட்டிருக்கிறார். அதுவரை சிங்கத்தைப் பார்த்தவர்கள்மேல் இருந்த பொறாமை மொத்தமும் அப்படியே இடம் மாறி அந்த ஆள்மேல் உட்கார்ந்தது. சிங்கத்தை விட்டாலும் பரவாயில்லை என்று அந்த நிமிடம் தோன்றியது.

சாயங்காலம் அவள் வந்ததும், சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "இத யாரு எடுத்தா?"

"தெரியலியே. அந்த வண்டியில கேமரா கைக்குக் கை போச்சு. யாரோ."

"ஆம்பளையா பொம்பளையா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அந்த வண்டியில ஆம்பளையும் இருந்தாங்க, பொம்பளையும் இருந்தாங்க. ஏன்?"

"சும்மாதான். எதப் பாத்துக்கிட்டு நின்னே? யானையா?"

படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மிருகம் ஒண்ணும் இல்லீங்க. புல்லுதான்."

"புல்லா?"

"ஆமா. காத்துல ஒரே பக்கமா சாஞ்சு சாஞ்சு போச்சு. முடியவே இல்ல. நம்ம ஜன்னல்ல எட்டிப் பாத்தா எதிர் ப்ளாக்குல காயிற துணிதான தெரியும். அங்க கண்ணு போய்க்கிட்டே இருந்துச்சு. திடீர்னு அழுகை வர்ற மாதிரி ஆயிருச்சு. அப்புறம் பேனர ஒழுங்காப் பிடிங்கன்னு சத்தம் போட்டாங்க."

இத்தனை வருடம் எங்கள் ஜன்னலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. புல்லைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதன் பிறகு அந்த முகத்தை நானும் எடுத்துவிட வேண்டும் என்று அலைந்தேன். ஃபெரியில் கூட்டிப்போனேன், கடல் தெரிகிற பக்கம் உட்கார வைத்தேன். கேமராவைத் தூக்கியதுமே தாலிக்கொடியைச் சரிசெய்துகொண்டு பாலிசிச் சிரிப்பு சிரித்தாள். சிரிக்காதே என்றால் விறைத்துக்கொண்டாள். தெரியாமல் எடுக்கலாம் என்று தூணுக்குப் பின்னால் மறைந்து நின்றேன், உடும்புக்கு நிற்பதுபோல. "என்னா ஒளிஞ்சு வெளையாடுறீங்க, வந்து ஒக்காருங்க," என்று அங்கிருந்தே கூப்பிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

தீபாவளிக்கு முன்னால் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். மீன்கொத்தியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டினேன். அவளுக்குக் கூச்சம், தலைகூட வாரவில்லையே என்று முணுமுணுத்தாள், ஆனால் கழற்றச் சொல்லவில்லை.

தீபாவளியன்று வீடு நிறைய ஆட்கள். வழக்கம்போல வாசலைத் திறந்து போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தோம். தொழிற்சாலைத் தம்பியும் வந்தான். தட்டோடு படத்துக்கு முன்னால் போய் நின்றவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். அவன் சும்மா புகழ்கிறவன் இல்லை, என் மீன்கொத்தியில் வெளிச்சம் அதிகம் என்று சொன்னவன்.

"அண்ணே," என்றான். "இத்தன வருசத்துல நீங்க எடுத்ததுலயே இதான்ணே பெஸ்ட்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அவள் அங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் அவள் மறுத்திருக்க மாட்டாள். சொல்லத்தான் ஆசையாக இருந்தது.

"நான் எடுக்கல தம்பி," என்றேன். "நான் அங்க இல்ல."

அவன் சங்கடமாகத் திரும்பினான். அதற்குள் அவள் முறுக்குத் தட்டோடு வந்துவிட்டாள். "லென்ஸ் இவரோடதுதான் தம்பி. எல்லாம் திருகி, டேப்பு ஒட்டி, இவருதான் குடுத்தாரு. பாக்குற பக்கம் எடம் விடணும்னு சொன்னதும் இவருதான். நான் அங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன்."

தம்பி "அதான பாத்தேன்" என்று நிம்மதியாக ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டான். அவள் சொல்லிக் கொடுத்தது எனக்கு அதுவரை தெரியாது. தண்ணீர்மலையில் நான் சொன்னதை அவள் காதில் வாங்கினாள் என்பதே எனக்குத் தெரியாது. சந்தோஷப்பட வேண்டிய இடம். கொஞ்சம் பட்டேன்தான். இருந்தாலும் என் பாடத்தைக் கேட்டுக்கொண்டு என் லென்ஸ் வழியாக அவளைப் பார்த்தது வேறு யாரோ.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும், நான் வழக்கமாக உட்காரும் நாற்காலியை இழுத்து, படத்தில் அவள் பார்க்கிற பக்கமாகப் போட்டேன்.

"ஏங்க நாற்காலிய மாத்திட்டீங்க?" என்று கேட்டாள்.

"காத்தாடிக்கு நேரா இருக்கட்டும்னுதான்," என்றேன்.

அவள் எச்சில் தட்டுகளை வாரிக்கொண்டு உள்ளே போனாள். உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். அவள் பார்வை என் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.